சோடா உப்பு ஒரு கிலோ

ஏப்ரல் 9

உப்புக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. மூன்று மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்ததை இன்று எடுத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. போன வருடம் தண்ணீர்க் குழாயையும் பஞ்சையும் வைத்து நான் செய்த வடிகட்டி, ஆய்வகப் பொறுப்பாளர் டாக்டர் ஹெப்சிபா மேடத்தின் கட்டுரையில் படமாக வந்திருக்கிறது. அடியில் 'ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது' என்று ஒரு வரி. ஆய்வகத்துக்கே கை கால் முளைத்து, குழாயை அறுத்து ஒட்டிக்கொண்டதாக்கும். இனிமேல் நான் செய்வதைத் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

இந்தக் கல்லூரிக் கடலியல் ஆய்வகத்தில் நான் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

இன்று பவளங்கள் வந்தன. இந்தக் கோடையில் கடல் சுடுகிறது, தீவுப் பக்கம் பவளமெல்லாம் வெளுக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கி, உடைந்து கிடந்த மான்கொம்புப் பவளக் கிளைகளை எடுத்து வந்திருக்கிறார்கள். ஆறு தொட்டிகள். கடல் குளிர்ந்ததும் திரும்பக் கொண்டுபோய் நட வேண்டும். அதுவரை இவை சாகாமல் பார்ப்பது என் பாடு.

பவளம் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பையும் காரத்தையும் எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுகிறது. கடலில் குறையாது. தொட்டியில் தினமும் குறையும். குறைந்ததை மெதுவாக, சொட்டுச் சொட்டாக, நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். அதற்கென்று வெளிநாட்டு மோட்டார் இருக்கிறது. கேட்டு எழுதினோம். இந்த ஆண்டு இல்லை என்று பதில் வந்துவிட்டது.

"லோக்கலா ஏதாவது பண்ணுங்க தனிஸ்லாஸ். நீங்க பண்ணிருவீங்க" என்றார் மேடம். "ஜூன்ல சென்னைல இருந்து கமிட்டி வருது. ஒரு போஸ்ட் பெர்மனன்ட் பண்ணலாம்னு பேச்சு இருக்கு. இது நல்லா வந்தா நான் உங்க பேரத்தான் சொல்லுவேன்."

இதே பேச்சை இரண்டு வருடம் முன்பும் கேட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நாற்பத்து நான்கு. இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை.

ஏப்ரல் 11

சுண்ணாம்பு சுடும் காளவாசலுக்குப் போய்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். நீரில் கரைத்துத் தெளிய வைத்தால் மேலே நிற்கும் தெளிவுதான் ஒரு மருந்து. இன்னொன்று ஆப்பத்துக்குப் போடும் சோடா. எங்கள் வீட்டில் அதைச் சோடா உப்பு என்றுதான் சொல்வோம். டின்னில் கொட்டி, மூடியில் அப்படியே எழுதி ஒட்டினேன்.

தொட்டி கழுவ வடிவு வந்தாள். சுடலைவடிவு என்று முழுப்பெயர். ஆறு வருடமாக இங்கே தினக்கூலிக்குக் கூட்டித் துடைக்கிறாள். நான் தண்ணீரைச் சோதித்துப் பலகையில் 'காரம் 6.8' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "காரம் கம்மியா இருக்குன்னா வத்தல் கிள்ளிப் போடுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அந்தக் காரம் இல்லை இது, தண்ணீரில் கரைந்திருக்கும் கார உப்பின் அளவு என்று விளக்கினேன். எட்டில் நிற்க வேண்டும், குறைந்தாலும் ஆபத்து, கூடினால் அதைவிட ஆபத்து என்றேன். கவனமாகக் கேட்டாள். புரிந்ததா என்று தெரியாது.

ஏப்ரல் 13

மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் பன்னிரண்டு வாங்கினேன். ஒரு தொட்டிக்கு இரண்டு. ஒரு முனையில் சுண்ணாம்புத் தெளிவு, எதிர் முனையில் சோடா நீர். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பால்போல் திரிந்துவிடும். டியூபிலிருக்கும் சக்கரத்தைத் திருகிச் சொட்டை எண்ணலாம். மோட்டார் என்ன செய்கிறதோ அதைத்தான் இதுவும் செய்கிறது. நானே ஒருமுறை தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வடிவு பார்த்துவிட்டு, "ஆறு பேரையும் வார்டுல போட்டுட்டிய" என்றாள். அவள் இங்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவள். "இது பெரியாளுக்குப் போடுத டியூப்லா. சொட்டு பெருசா விழும். பச்சப்பிள்ளைகளுக்குப் போடுதது வேற இருக்கு, ஊசிமுனை கணக்கா விழும்" என்றாள்.

ஏப்ரல் 14

டியூப்களை மாற்றி, குழந்தைகளுக்கான மெல்லிய வகை வாங்கினேன். ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு. அளவு இன்னும் துல்லியமாக இருக்கும் என்று யோசித்து எடுத்த முடிவு.

ஏப்ரல் 16

எரிச்சல். காலையில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு வைத்தால் மதியம் ஒன்பது, சாயங்காலம் ஐந்து. பாட்டிலில் நீர் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டும் குறைகிறது. மணிக்கொரு தரம் சக்கரத்தைத் திருக நான் என்ன கோயில் மணி அடிக்கிறவனா. இரண்டாம் தொட்டியில் காரம் ஒரே நாளில் ஏறி இறங்கி, ஒரு கிளை நுனி உரிந்துவிட்டது. மேடம் எட்டிப் பார்த்து, "கமிட்டி வர்றதுக்குள்ள ஸ்டெடி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கு என்ன.

ஏப்ரல் 17

வடிவு சளசளவென்று அவள் வீட்டுக் கோழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற டப்பாவில் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால், கோழி எவ்வளவு குடித்தாலும் தட்டில் தண்ணீர் ஒரே மட்டமாகவே நிற்குமாம். "அந்தத் தட்டுல இருந்து டியூப இழுத்தா சொட்டு கொறயாதுல்லா அண்ணாச்சி" என்றாள். எனக்கு வேலை இருந்தது. சரி சரி என்றேன்.

ஏப்ரல் 18

ஒரு யோசனை வந்தது. பாட்டிலைக் கவிழ்த்து ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, கிண்ணத்திலிருந்து டியூபை எடுத்தேன். கிண்ணத்தில் நீர்மட்டம் மாறவில்லை. காலை பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு, மாலை பன்னிரண்டு. வரைபடம் போட்டு, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஏப்ரல் 26

ஆறு தொட்டியிலும் காரம் எட்டு. மனிதன் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மே 4

சுண்ணாம்பு டியூபின் முனையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. வடிவு புளித்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தாள், சுத்தமாகிவிட்டது. பதிவேட்டில் 'மென் அமிலக் கரைசலில் தூய்மை செய்யப்பட்டது' என்று எழுதினேன். புளி என்று எழுதினால் கமிட்டிக்காரன் சிரிப்பான்.

மே 12

காலையில் பாட்டில்களை நிரப்புவது இப்போது வடிவுதான். எனக்குப் பதிவேடு, படம், மேடத்தின் கடிதங்கள் என்று ஆயிரம் வேலை. பதிவேட்டில் 'பராமரிப்பு' என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது, அதை மாற்றுவது தேவையில்லாத வேலை. அவள் கை சுத்தம். அளவு தவறாது. சோடா கரைக்கும்போது பாட்டில் சில்லென்று ஆவதை முதல்நாள் என்னிடம் வந்து காட்டினாள், ஐஸ் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று. அது அப்படித்தான் ஆகும் என்றேன்.

மே 21

கடல் இன்னும் சுடுகிறது. தீவுப் பக்கம் போய்வந்தவர்கள் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது என்கிறார்கள். நம் தொட்டியில் மான்கொம்பு நுனிகளில் வெள்ளையாகப் புது வளர்ச்சி. மூன்றாம் தொட்டிதான் முதலிடம், ஆறு மில்லிமீட்டர்.

மேடம் கேமராவோடு வந்தார். என்னை நகரச் சொன்னார், டியூப் மறைக்கிறதாம். நகர்ந்தேன்.

மே 29

போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. பவளத் தொட்டிகளுக்கான குறைந்த செலவுச் சொட்டுமுறை. கீழே டாக்டர் ஹெப்சிபா, அவர் கணவரின் கல்லூரியிலிருந்து இன்னொரு டாக்டர். அந்த இன்னொரு டாக்டர் இந்த அறைக்குள் காலே வைத்ததில்லை.

"உங்க பேர் நன்றில இருக்கு தனிஸ்லாஸ்" என்றார் மேடம்.

இருந்தது. கடைசி வரி, ஆய்வக ஊழியர்களுக்கும் என்று முடிகிறது. பெயர்கூட இல்லை. சரியென்று தலையாட்டிவிட்டு வந்து கழிவறையில் முகம் கழுவினேன். வீட்டில் ஜெசிந்தாவிடம் சொன்னேன். "பதினோரு வருசமா இதையேதான சொல்லுதிய. ஒரு வார்த்த அந்தம்மா மொகத்துக்கு நேரா கேக்க வேண்டியதுதான" என்றாள். பெண்டாட்டிக்கு என்ன, சொல்லிவிடுவாள். பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்ல எப்படித்தான் இந்த ஜனங்களுக்கு வாய் வருகிறதோ.

ஜூன் 3

கமிட்டி பன்னிரண்டாம் தேதி. நிரந்தரப் பணிக்கு என் பெயர் போயிருக்கிறது. எட்டாம் தேதி மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. உண்மையிலேயே கடிதம் வந்திருக்கிறது, முத்திரையோடு. இரண்டு தடவை படித்தேன். ஜெசிந்தா மூன்று தடவை படித்தாள்.

ஜூன் 6

மூன்றாம் தொட்டியில் சோடாச் சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். பன்னிரண்டை இருபத்திரண்டாக்கினேன். கமிட்டி வருவதற்குள் நுனி இன்னும் ஒரு மில்லிமீட்டர் வந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். காரம் ஒன்பதைத் தாண்டினால் குறைத்துவிடலாம்.

ஜூன் 7

காரம் 9.1. தாங்குகிறது. டின்னில் சோடா தீர்ந்துபோயிருந்தது. எனக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'சோடா உப்பு ஒரு கிலோ' என்று துண்டுச் சீட்டில் எழுதி வடிவிடம் கொடுத்து, காலையில் வாங்கிக் கலந்து மூன்றாம் தொட்டிக்கு நிரப்பிவிடு என்றேன். மற்றத் தொட்டிகளுக்குப் பழைய நீர் இரண்டு நாள் ஓடும்.

ஜூன் 8

மதுரை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. வடிவு போன் செய்தாள், ஒன்றுக்கும் ஆகாத கேள்வி. வழக்கமாக உள்ளதுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகும் இரண்டு முறை அடித்தாள். என் டோக்கன் நெருங்கிக்கொண்டிருந்தது, வெட்டிவிட்டேன். சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றன என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். பேருந்து நிலையத்தில் ஜிகர்தண்டா குடித்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படி நிம்மதியாக உட்கார்ந்து.

ஜூன் 9

மூன்றாம் தொட்டி போய்விட்டது.

காலை எட்டரைக்கு வந்தேன். கண்ணாடிக்குள் கஞ்சித் தண்ணீர். கை விட்டால் கை தெரியவில்லை. பம்பை நிறுத்தி, தண்ணீரை மாற்றி, மாற்றி, பதினோரு மணிக்குத் தெளிந்தபோது கிளைகளிலிருந்து தசை சல்லாத்துணிபோல உரிந்து தொங்கியது. அடியில் வெறும் எலும்பு. காரம் பார்க்கச் சோதனைச் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன், சொட்டுக்கு ஒன்று என்று கணக்கு, நிறம் மாறவில்லை. பதினாறில் எண்ணுவதை நிறுத்தினேன். நாற்பத்தொரு கிளை. ஒன்றுகூட இல்லை.

டின்னைத் திறந்து விரலில் எடுத்துப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. துணிக்குப் போடுகிற சோடா.

வடிவு சுவரோரம் நின்றாள். அவள் வாயைத் திறந்தால் அடித்துவிடுவேனோ என்றிருந்தது எனக்கு. பதினோரு வருடம். மூன்று நாளில் கமிட்டி.

ஜூன் 10

மேடம் காலையிலேயே கூப்பிட்டார்.

"யாரு கலந்தது?"

"வடிவு, மேடம்."

"அவங்களுக்கும் இந்த சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"கூட்டுறது, கழுவுறது. அவ்வளவுதான் மேடம்."

"அப்ப பெர்மிஷன் இல்லாம கை வச்சிருக்காங்க. அப்படித்தானே?"

"நான் மதுரைல இருந்தேன் மேடம்" என்றேன். உண்மைதானே. யார் சொல்லிக் கலந்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு வடிவைக் கூப்பிட்டார். அவள் தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சிதான் சோடா உப்பு வாங்கச் சொன்னாவ. சீட்டுல அப்படித்தான் எழுதியிருந்தது. கடையில ரெண்டு இருக்கு, எது வேணும்னு கேட்டாவ. போன் போட்டு அண்ணாச்சிட்ட கேட்டேன். வழக்கமா உள்ளதுதான்னு சொல்லி வச்சிட்டாவ. எங்க பக்கம் சோடா உப்புன்னா துணிக்குப் போடுததுதான் மேடம். ஆப்பத்துக்குப் போடுதத ஆப்பசோடான்னு சொல்லுவோம். ஆஸ்பத்திரில நாலு வருசம் மூடை மூடையா அதத்தான் போட்டுத் துணி அவிச்சேன்."

"கலக்கும்போது வித்தியாசம் தெரியலயா?"

"தெரிஞ்சிது. எப்பவும் பாட்டில் குளுந்து போவும். அன்னைக்குச் சுட்டுது. பயந்துபோயி ரெண்டு தடவ திரும்ப அடிச்சேன். எடுக்கல."

மேடம் என்னைப் பார்த்தார்.

"வெரிஃபிகேஷன்ல போனை அணைக்கச் சொல்லிட்டாங்க மேடம்" என்றேன்.

"அந்தச் சீட்டு இருக்கா?" என்று அவளிடம் கேட்டார்.

"கடையில குடுத்துட்டேன்."

மேடம் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் இருக்க அவர் முட்டாள் இல்லை. நாளை மறுநாள் கமிட்டி முன்னால், இந்தச் சொட்டுமுறையைச் செய்த ஆளே அதைக் கெடுத்தான் என்று சொல்ல அவருக்கும் வசதிப்படாது. சம்பந்தமில்லாத ஒருத்தி கை வைத்தாள் என்றால் முறையிலும் குறையில்லை, ஆளிலும் குறையில்லை.

"நாளைல இருந்து வர வேண்டாம் வடிவு" என்றார்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'துப்புரவுப் பணியாளர் ஒருவர் அனுமதியின்றித் தவறான வேதிப்பொருளைச் சேர்த்ததால்' என்று மேடம் சொல்லச் சொல்ல அடித்தேன். சாட்சியாகக் கையெழுத்தும் என்னுடையது. சக்கரத்தை இருபத்திரண்டுக்கு வைத்திருந்ததை யாரும் கேட்கவில்லை. துணிச்சோடாவாகவே இருந்தாலும் பன்னிரண்டு சொட்டில் ஒருவேளை பாதியாவது பிழைத்திருக்கும். ஒருவேளை. இப்போது அதைப் பேசி என்ன.

மாலையில் வடிவு குடியிருக்கும் தெருப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அங்கே மளிகைக் கடையில் தீப்பெட்டி வாங்கினேன். பேச்சுவாக்கில், சாமான் எழுதி வரும் சீட்டையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதப்போயி யாரு சேத்து வைப்பா, வெளக்குமாத்துல கூட்டித் தள்ளிருவோம்லா" என்றார் கடைக்காரர்.

நல்ல மனுஷர்.

ஜூன் 12

கமிட்டி வந்தது. நான்கு பேர். மூன்றாம் தொட்டியை நேற்றே கழற்றி அப்புறப்படுத்திவிட்டோம். ஐந்து தொட்டியையும் பார்த்துவிட்டுத் திருப்தி என்றார்கள். நடந்த விபத்தைப் பற்றி மேடம் அறிக்கையை நீட்டினார். ஒருவர் படித்துவிட்டு, "இந்த மாதிரி ஆளுங்களை லேபுக்குள்ளயே விடக் கூடாது" என்றார்.

அவர்களில் தலை நரைத்த ஒருவர் மட்டும் கவிழ்த்த பாட்டில் முன்னால் நெடுநேரம் நின்றார். சொட்டை வாட்ச் வைத்து எண்ணினார். "இது பிரமாதமா இருக்கே. யார் ஐடியா?" என்று கேட்டார்.

மேடம் போஸ்டரைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோள்பக்கம் கை காட்டி, "நம்ம தனிஸ்லாஸ் சார்" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக என்னைச் சார் போட்டு, என் பெயரை, பிறர் முன்னால்.

"எப்படித் தோணிச்சு?"

"கோழிக்குத் தண்ணி வைக்கிற டப்பாவைப் பார்த்து, சார்."

"வீட்ல கோழி வளர்க்கிறீங்களா?"

"ஆமா சார்."

எங்கள் வீட்டில் கோழி கிடையாது. மாடி வீடு. ஜெசிந்தாவுக்குக் கோழி வாடையே ஆகாது.

ஜூன் 13

தொட்டி கழுவ ஆள் இல்லை. நானே கழுவினேன். இடுப்பு போய்விட்டது. புளி ஊறப்போட மறந்து இரண்டு டியூப் அடைத்துக்கொண்டன.

ஜூன் 15

ஜெசிந்தாவிடம் சும்மா கேட்டேன், வீட்டில் சோடா உப்பு இருக்கிறதா என்று. "எதுக்கு, சட்டையில கறை பட்டுட்டா?" என்றாள்.

ஜூன் 16

சாப்பாடு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

ஜூன் 22

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லலாம். ஆனால் நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் நின்றவனிடம் போனில் கேட்டால் என்ன பதில் வரும். கடைக்காரனாவது எதற்கென்று கேட்டுக் கொடுத்திருக்கலாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் இதில்.

ஜூன் 30

ஆணை வந்துவிட்டது. தொழில்நுட்ப உதவியாளர், நிரந்தரம். ஜெசிந்தா பனிமய மாதாவுக்கு மாலை வாங்கிப் போட்டுவிட்டு வந்தாள். அண்டை வீட்டுக்கெல்லாம் மக்ரூன் கொடுத்தோம். மேடம் கை கொடுத்தார். "இனிமே நீங்க நம்ம ஆளு" என்றார். இத்தனை நாள் யார் ஆளாம்.

இவ்வளவு நாள் காத்திருந்த சந்தோஷம் எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேனோ அப்படி இல்லை. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 9

மழை இல்லாவிட்டாலும் காற்று மாறிவிட்டது. கடல் குளிர்கிறது. ஐந்து தொட்டிக் கிளைகளையும் அடுத்த வாரம் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். படகில் மேடமும் நிருபர்களும் போகிறார்கள். எனக்கு இடமில்லை. வழக்கம்போல.

ஜூலை 18

வடிவு வந்தாள்.

மேடம் விடுப்பு. அறையில் நான் மட்டும். ஒரு மாதத்தில் மெலிந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேம்பார் பக்கம் இறால் பொரிப்பகத்துல ஆள் எடுக்காவ அண்ணாச்சி. முன்ன வேல பாத்த எடத்துல எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாவ." ஒரு தாளை மேசையில் வைத்தாள். பணி அனுபவச் சான்று. அடியில் கையொப்பம், பதவி, முத்திரை.

பதவியும் முத்திரையும் இப்போது என்னிடம் இருக்கின்றன. மேடம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. இவ்வளவாவது செய்வோமே என்று பேனாவை எடுத்தேன்.

"எப்படி இருக்க?" என்றேன்.

"இருக்கேன். மூணு வீட்ல பாத்திரம் தேய்க்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க இறால் குஞ்சுக்கும் இதே மாதிரி மருந்து சொட்டு விடுதாவளாம். காரம் பாத்து, அளந்து ஊத்தத் தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம். கூட்டிப் பெருக்க ஆள் இருக்காம். இங்க ஒரு மாசமா பாட்டில் நெரப்புனேன்லா, டியூப் போட்டேன்லா. அத ஒரு வரி எழுதிக் குடுத்தியன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதுவதற்குக் கை போனது. உண்மையாகவே போனது.

எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று அதே நேரத்தில் நினைத்தேன். 'சொட்டுமுறையைப் பராமரித்து வந்தார்' என்று என் கையெழுத்தில் ஒரு தாள். 'சம்பந்தமில்லாத பணியாளர், அனுமதியின்றி' என்று அதே கையெழுத்தில் இன்னொரு தாள். பொரிப்பகக்காரன் அதை இங்கே கொண்டுவந்து காட்டவா போகிறான். மாட்டான். நூற்றில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை. அந்த நூற்றில் ஒரு பங்குதான் என் கண்ணுக்குப் பூதமாகத் தெரிந்தது. ஆணை வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. தகுதிகாண் பருவம் இரண்டு வருடம்.

'மேற்படியார் இவ்வாய்வகத்தில் ஆறு ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்தார். நடத்தை திருப்தி.' எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினேன்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள், எங்கேயாவது அந்த வரி விட்டுப்போயிருக்குமோ என்பதுபோல. நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ் ரெக்கார்டுல உள்ளததான் எழுத முடியும் வடிவு" என்றேன்.

"சரி அண்ணாச்சி. பொய் ஒண்ணும் எழுதல நீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேம்பார் பஸ்ஸுக்கு இனி போவாண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

ஒரு வரிதான் கேட்டாள். எனக்கு மனசு வரவில்லை.